34 சென்டிமீட்டர் சந்துக்குள் ஒரு சப்வூஃபர்

என் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் மேல் எனக்குப் பெரிய மனக்குறை எதுவும் இருந்ததில்லை. ஐந்தேகால் அங்குல வூஃபர் (கீழ்ச் சுரங்களை ஒலிக்கும் கூம்பு), பின்பக்கம் போர்ட் (காற்று போய்வரும் துளை), ஸ்டாண்டில் ஏற்றி வைத்த சாதாரண ஜோடி. அந்த அறையில் டிவி கிடையாது, பாட்டு மட்டும்தான். குரலும் வயலினும் எதிரே உட்கார்ந்து பாடுகிற, வாசிக்கிற மாதிரியே வரும். பேஸ் கிட்டார் கீழே இறங்கும்போது மட்டும் வாசிப்பவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவார்.

கையேட்டில் 58 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 58 அதிர்வு) வரை இறங்கும் என்று போட்டிருக்கிறது. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தி என்றால் 30.9. பியானோவின் இடதுகோடிக் கட்டை 27.5. போர்ட் வைத்த பெட்டி தன் எல்லைக்குக் கீழே போனால் ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபல் வேகத்தில் சரியும். 58க்கும் 41க்கும் நடுவே அரை ஆக்டேவ்தான், அதற்குள்ளேயே பத்து டெசிபலுக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. ஆனாலும் அந்தச் சுரம் ஒலிப்பது போலவே இருக்கும். 82, 123 என்று அதன் மேலடுக்குகள் கேட்பதால் அடியில் இருப்பதை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். காது நம்பிவிடும், வயிறு நம்பாது.

நான் பெரும்பாலும் ராத்திரியில், வால்யூமைக் குறைத்துக் கேட்கிற ஆள். அதில் இன்னொரு சிக்கல். சத்தம் குறையக் குறைய நம் காது பேஸைத்தான், அதாவது அடிச் சுரங்களைத்தான், முதலில் கைவிடும். ஒலி ஆய்வாளர்களான ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைந்துவிட்டார்கள். இப்போது புழக்கத்தில் உள்ள ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) வளைவுப்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாக ஒலிப்பதற்கு ஈடாக 40 ஹெர்ட்ஸ் நம் காதில் விழ வேண்டுமானால் 80 டெசிபலுக்கும் மேலே வேண்டும். ஆக, மெதுவாகக் கேட்பவனுக்குத்தான் சப்வூஃபர், அதாவது அடிச் சுரங்களுக்கு மட்டுமேயான தனி ஸ்பீக்கர் பெட்டி, அதிகம் தேவை. சப்வூஃபர் என்றாலே அண்டை வீட்டாரோடு சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சரி, வாங்குவோம் என்று முடிவு செய்ததும் எல்லாரும் செய்வதையே செய்தேன். மூன்று வாரம் எண்களை ஒப்பிட்டேன். எத்தனை அங்குலம், எத்தனை வாட், எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போது பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. முடிவைத் தீர்மானித்த எண் அதில் எங்கேயும் இல்லை. அது பின்னால் ஒரு அளக்கும் டேப்பில் கிடைத்தது.

கட்டம் நிரம்பிய நேரத்தில் ஒரு நண்பன் தன் பழைய ஹோம் தியேட்டர் சப்வூஃபரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பத்து அங்குலம், முன்பக்கம் போர்ட், பெரிய கறுப்புப் பெட்டி. “வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு மாசம் வச்சுப் பாருடா. உனக்கு என்ன வேணும்னு அதுவே சொல்லும்” என்றான். எனக்குக் கிடைத்த உருப்படியான அறிவுரை அது ஒன்றுதான்.

வலது மூலையில் வைத்து, ஸ்பீக்கர் முனையிலிருந்து கம்பி இழுத்து, பாட்டைப் போட்டேன். பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். சில சுரங்கள் கும்மென்று வீங்கி அறையையே நிரப்பின, சில சுரங்கள் வரவே இல்லை. கீழே இறங்கவும் இல்லை, மேலே அடங்கவும் இல்லை. போர்ட் வைத்த பெட்டி என்றாலே இசைக்கு ஆகாது என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவசரத் தீர்ப்பு.

மறுநாள் போனில் டோன் ஜெனரேட்டர் ஒன்றை இறக்கிக்கொண்டேன். பொதுவாக ஐந்து ஐந்து ஹெர்ட்ஸாக ஏற்றிச் சோதிப்பார்கள். இசைக்காகத்தானே வாங்குகிறோம், சுரங்களையே போட்டுப் பார்ப்போம் என்று பேஸ் கிட்டாரின் அடிச் சுரங்களை எழுதிக்கொண்டேன்: 41.2, 43.7, 49, 55, 61.7, 65.4, 73.4, 82.4. ஒவ்வொன்றையும் சோஃபாவில் உட்கார்ந்து கேட்டு, சத்தம் அளக்கும் செயலி காட்டும் எண்ணைப் பக்கத்தில் குறித்தேன். முதல் சுற்று முழுக்க வீண். செயலி ‘ஏ’ எடைமுறையில் இருந்திருக்கிறது. அது 40 ஹெர்ட்ஸை 35 டெசிபல் அளவுக்குக் குறைத்துக் காட்டும் முறை. பேஸ் அளக்க ‘சி’க்கு மாற்ற வேண்டும், அல்லது எடையே இல்லாமல் வைக்க வேண்டும். மாற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். போனின் மைக் கீழே அவ்வளவு நேர்மையானது இல்லை என்பதால் எண்ணை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அதே சுரத்தை இரண்டு இடத்தில் அளந்து ஒப்பிடத் தாராளமாகப் போதும்.

41.2 ஹெர்ட்ஸில் சோஃபாவில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 82.4இல் காது அடைக்கிறது. பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க 41.2ஐ ஓடவிட்டுப் பின்சுவர் பக்கம் போனேன். அங்கே சட்டைப் பித்தான் வரைக்கும் அதிர்கிறது! மறுபடி சோஃபாவுக்கு வந்தால் அமைதி. நாலு அடி எடுத்து வைத்தால் இடி, திரும்பி வந்தால் ஒன்றும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டு நடக்கச் சொன்னேன். அவன் இரண்டு முறை போய்விட்டு வந்து, “அண்ணா, சத்தம் சோஃபாவைச் சுத்திக்கிட்டுப் போகுது” என்றான்.

அவன் சொன்னதுதான் சரி. என் அறையின் நீளம் 4.2 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். வேகத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்த அறை தானாகவே முனகுகிற முதல் அதிர்வெண் கிடைக்கும்: 40.8. அதன் இரட்டிப்பு 81.6. முதலாவது இரண்டு சுவர் ஓரத்திலும் பலமாக இருக்கும், நட்ட நடுவில் செத்துக் கிடக்கும். இரண்டாவது நடுவிலும் பலமாக இருக்கும். என் சோஃபாவோ நீளவாக்கில் சரியாக நடுவில். பேஸ் கிட்டாரின் அடித்தந்தியும் அறையின் முதல் முனகலும் ஒரே இடத்தில் வந்து விழுந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல் பாட்டின் அடித்தளத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே வீக்கத்தை உண்டாக்கியிருந்தது. இறங்கவில்லை, வீங்குகிறது என்று நான் திட்டித் தீர்த்தது பெட்டியை. குற்றவாளி சோஃபா.

சோஃபாவை 70 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். காது இப்போது பின்சுவரிலிருந்து 1.4 மீட்டரில், அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில். இந்த இடத்தில் முதல் முனகல் பாதி அளவுக்குத் திரும்பி வரும், இரண்டாவது பாதியாகக் குறையும். காகிதக் கணக்கு அப்படிச் சொன்னது, நோட்டில் விழுந்த எண்களும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. காசு செலவில்லாமல் கிடைத்த மேம்பாடு இது. இதற்குப் பிறகு வாங்கிய எதுவும் இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரவில்லை.

அடுத்தது தவழும் படலம். சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, அதை வைக்கக்கூடிய இடங்களில் எல்லாம் நம் தலையைத் தரையோடு தாழ்த்திக் கேட்பது. ஒலிக்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதான் என்பதால், எங்கே தவழும்போது பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால் சோஃபாவிலும் சீராகக் கேட்கும். அந்தக் கறுப்புப் பெட்டியைச் சோஃபா மேல் உட்கார வைத்து, அடியில் ஒரு மரப்பலகை கொடுத்து, டபுள் பேஸ் படிப்படியாக ஏறி இறங்குகிற ஒரு பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு சுவர். பார்ப்பவர்கள் எதையோ தொலைத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மூலைகளில் சத்தம் அதிகம், சுரம் குழப்பம். வலது சுவரின் நடுவில் சத்தமே குறைவு. ஜன்னலுக்குக் கீழே நன்றாக இருந்தது, ஆனால் கதவு திறக்காது. இடது ஸ்பீக்கரின் ஸ்டாண்டுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே போன தம்பி எழுந்திருக்கவே இல்லை. “இங்க எல்லாப் படியும் ஒரே மாதிரி கேக்குது அண்ணா, வந்து பாருங்க.” நானும் படுத்துக் கேட்டேன். ஒரு சுரம்கூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, ஒன்றும் விழுந்துபோகவும் இல்லை. முன்சுவரை ஒட்டிய இடம், ஸ்பீக்கருக்கும் பக்கம். இரண்டிலிருந்தும் ஒலி ஏறக்குறைய ஒரே தூரத்திலிருந்து காதுக்கு வரும் என்பது கூடுதல் வசதி.

டேப் வைத்து அளந்தேன். அகலம் 34 சென்டிமீட்டர், ஆழம் 40. நண்பனின் பெட்டி 38 அகலம். அது அங்கே நுழையாது.

நான் தேடுவது சின்ன சப்வூஃபர் என்பதே அந்த நிமிடத்தில்தான் தெளிவானது. அதுவரை ‘சின்னது’ என்பது அழகுக்காகச் சொல்லிக்கொண்டது. இப்போது அது 34 என்ற எண். காற்றோட்டத்துக்கும் கம்பிக்கும் இடம் விட்டால் பெட்டி 30க்குள் இருக்க வேண்டும். மூன்று வாரக் கட்டத்தில் முக்கால்வாசிப் பெயர்கள் ஒரே கோட்டில் அடிபட்டன.

பெட்டி சிறுத்தால் என்ன இழக்கிறோம் என்பதற்கு ஸ்பீக்கர் செய்பவர்கள் ‘ஹாஃப்மன் இரும்பு விதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சக்தியில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கையை விட்டுப் போகும். கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான அன்டன் ஹாஃப்மனின் விதி அது. ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 என்ற, போர்ட் இல்லாமல் அடைத்த பெட்டியைக் கொண்டுவந்தபோது செய்ததும் இதே பேரம்தான். பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்திப் பெட்டியைச் சுருக்கினார், ஆழத்தையும் காப்பாற்றினார், பதிலுக்கு ஆம்ப்ளிஃபயரிடம் கூடுதல் சக்தி கேட்டார். வாட் விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. இன்றைக்கு டி வகுப்பு என்ற, மின்சக்தியை அதிகம் வீணாக்காத ஆம்ப்கள் வாட்டை வாரி வழங்குகின்றன, அதனால் இந்தப் பேரம் இப்போது இன்னும் கட்டுப்படியாகிறது.

கேஇஎஃப் நிறுவனத்தின் கேசி62 என்ற பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021இல் வந்தது. பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் போல, ஏறக்குறைய ஒரு கனசதுரம். உள்ளே ஆறரை அங்குலக் கூம்புகள் இரண்டு எதிரெதிர்த் திசையில், அவற்றை ஓட்ட ஆயிரம் வாட். அவ்வளவு சின்னப் பெட்டிக்கு எதற்கு ஆயிரம் வாட் என்று முதலில் வியந்தேன். சின்னப் பெட்டி என்பதால்தான் ஆயிரம் வாட். எஸ்விஎஸ் 3000 மைக்ரோவும் இதே சாதி, எட்டு அங்குலம் இரண்டு எதிரெதிராக. கூம்புகள் ஒன்றை ஒன்று எதிர்த்துத் தள்ளுவதால் பெட்டி ஆடாது, மேலே நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திக் காட்டுவார்கள். நேர் எதிர்ப் போக்கு ரெல் நிறுவனத்தினுடையது. அவர்களின் டி/5எக்ஸ் வெறும் 125 வாட், கீழ்நோக்கிய ஒற்றை எட்டு அங்குலம், அடைத்த பெட்டி. பூமியைப் பிளக்கும் ஆழத்துக்கு அது ஆசைப்படுவதே இல்லை. ஸ்பீக்கர் விட்ட இடத்திலிருந்து கொஞ்ச தூரம் கீழே கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் போதும் என்ற எண்ணம். இசை மட்டும் கேட்பவனுக்கு இந்த அடக்கம் பிடிக்கும்.

எட்டு அங்குலம் போதுமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. கணக்குப் போட்டேன். எட்டு அங்குலக் கூம்பின் பயனுள்ள பரப்பு சுமார் 215 சதுர சென்டிமீட்டர். அது முன்னும் பின்னும் 10 மில்லிமீட்டர் போய்வந்தால், தரையில் வைத்த அடைத்த பெட்டி ஒரு மீட்டர் தூரத்தில் 40 ஹெர்ட்ஸில் 99 டெசிபல், 30இல் 94, 20இல் 87 தரும். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி அதே சத்தம் வேண்டும் என்றால் கூம்பு நாலு மடங்கு தூரம் போக வேண்டும், அதனால்தான் இந்தச் சரிவு. சுவர் ஓரம் வைப்பதால் இன்னும் சில டெசிபல் இலவசம். ராத்திரியில் மெதுவாகக் கேட்பவனுக்கு 40இல் 99 என்பது சமுத்திரம். பைப் ஆர்கனின் 16 ஹெர்ட்ஸ் குழாயைக் கேட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பெட்டி ஆகாது. வெடிச் சத்தத்துக்காகப் படம் பார்ப்பவர்களுக்கும் ஆகாது.

அடைத்த பெட்டியா, போர்ட்டா? போர்ட்டைத் திட்டியது அவசரம் என்று முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். ஒழுங்காகச் செய்த பெரிய போர்ட் பெட்டி இசைக்கும் நன்றாகவே ஒலிக்கும். ஆனால் 30 சென்டிமீட்டருக்குள் போர்ட் வைத்தால் குழாய் ஒன்று மெலிந்து காற்று உஸ்ஸென்று இரையும், இல்லை நீண்டு உள்ளே இடம் இருக்காது. அடைத்த பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்று மெல்லச் சரியும், சின்ன அறை அடியில் தரும் ஊக்கம் அந்தச் சரிவை ஓரளவு ஈடுகட்டும். என் அளவுக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை.

பட்டியலில் கடைசிவரை நின்றவற்றைப் பிரித்தது மூன்று சின்ன விஷயங்கள். என் ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கென்று தனி வெளியீடு கிடையாது, ஆகவே ஸ்பீக்கர் முனையிலிருந்தே சிக்னல் எடுக்கும் ‘ஹை லெவல்’ உள்ளீடு கட்டாயம். சில சின்னப் பெட்டிகளில் அது இல்லை. அடுத்தது க்ராஸ்ஓவர் குமிழ் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்று வைப்பது) எங்கே ஆரம்பிக்கிறது என்பது. சிலவற்றில் 80இல்தான் ஆரம்பம், எனக்கு 50, 60 பக்கம் வேண்டும். மூன்றாவது, தானாக உறங்கும் வசதியை அணைக்க முடியுமா என்பது. நண்பனின் பெட்டி, மெதுவாகக் கேட்கும்போது சிக்னல் போதவில்லை என்று பாட்டின் நடுவே தூங்கிவிடும். பிறகு ஒரு மேளம் விழுந்ததும் தடாலென்று விழித்துக்கொள்ளும். ஒரு மாதம் அதோடு குடித்தனம் நடத்தியவனுக்குத்தான் அந்த எரிச்சல் புரியும். விவரப் பட்டியலில் ஒற்றை வரியாக ஒளிந்திருக்கும் வசதி, தேடிப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியில் வந்தது ஒரு எட்டு அங்குல அடைத்த பெட்டி. அகலம் 29. போன் செயலியில் சில ஈக்வலைசர் பட்டைகள் (குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ), ஃபேஸை (ஒலி அலை முந்துவதையும் பிந்துவதையும்) டிகிரி டிகிரியாகத் திருப்பும் வசதி. சந்துக்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி போய் உட்கார்ந்தது.

இணைக்கும்போது ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஹை லெவல் கம்பியின் முனையை அவசரமாகச் சீவி, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் ஏற்கெனவே இருந்த கம்பியோடு சேர்த்துத் திருகினேன். ஒரே ஒரு செம்பு இழை வெளியே நீட்டிக்கொண்டு கறுப்பு முனையைத் தொட்டிருக்கிறது. ஆம்ப்பை ஆன் செய்ததும் ‘டக்’. சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. பாதுகாப்புச் சுற்று காப்பாற்றிவிட்டது, ஆனால் அந்த இரண்டு விநாடியில் என் வயிறு கீழே போய் வந்தது. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இழைகளை முறுக்கி, பனானா பிளக் போட்டு மறுபடி இணைத்தேன். இந்த உள்ளீடு ஆம்ப்பிடமிருந்து மின்னோட்டத்தை அநேகமாக எடுக்காது, ஆகவே ஸ்பீக்கருக்கு ஒரு குறையும் வராது. டி வகுப்பு ஆம்ப் வைத்திருப்பவர்கள் மட்டும் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கம்பியைத் தொடுங்கள். பலவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும், அது தரைமுனை (கிரவுண்ட்) இல்லை. சப்வூஃபரின் தரைக் கம்பியை அங்கே மாட்டினால் ஆம்ப்புக்கே ஆபத்து, அதை ஆம்ப்பின் உலோக உடலில்தான் மாட்டச் சொல்வார்கள்.

ஹம்மென்று ஒரு முனகல் இருந்தது. ஆம்ப் ஒரு சுவர் பிளக்கிலும் சப்வூஃபர் வேறொன்றிலும் இருந்ததால் வந்த தரைச் சுழல் (கிரவுண்ட் லூப்). இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்புக்கு மாற்றியதும் நின்றது. முனகல் போகவேண்டும் என்று எர்த் பின்னை உடைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

இனி ஸ்பீக்கரையும் சப்வூஃபரையும் ஒட்ட வைக்க வேண்டும். போர்ட் வைத்த ஸ்பீக்கர் 24 டெசிபல் வேகத்தில் விழுகிற இடத்தில் இன்னொன்றைச் சேர்ப்பது, ஓடும் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. ஸ்பீக்கருக்குப் போகும் கீழ் அதிர்வெண்களை வெட்டும் கருவி என்னிடம் இல்லை. ஆகவே இரண்டு ஸ்பீக்கரின் போர்ட்டிலும் சுருட்டிய காலுறையைத் திணித்தேன். சிரிக்க வேண்டாம், சில நிறுவனங்கள் இதற்காகவே பஞ்சு அடைப்பான் கொடுக்கின்றன. போர்ட் அடைபட்டால் ஸ்பீக்கரும் அடைத்த பெட்டி ஆகிவிடும். கொஞ்சம் மேலேயே, என் அளவில் 75 பக்கத்திலேயே, சரிய ஆரம்பிக்கும், ஆனால் பாதி வேகத்தில் மெல்லச் சரியும். ஆழமான பேஸ் வரும்போது கூம்பு பிடிப்பில்லாமல் ஆடுவதும் குறையும். காலுறைக்குப் பிறகு பாடகர் குரலின் அடிப்பகுதிகூடத் தெளிந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கட்டத்தில் யூமிக்-1 என்ற யூஎஸ்பி மைக்கும், அறையின் ஒலியை வரைபடமாகக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் வந்து சேர்ந்தன. அந்த மைக்கின் வரிசை எண்ணைக் கொடுத்தால் அதற்கே உரிய திருத்தக் கோப்பு கிடைக்கும். இது இல்லாமலும் செய்யலாம், ஆனால் இருந்தால் மூன்று சாயங்காலம் மிச்சம்.

க்ராஸ்ஓவரை 65இல் வைத்தேன். ஃபேஸ் திருப்புவதற்கு ஒரு தந்திரம் உண்டு. எங்கே சத்தம் அதிகமாகிறது என்று தேடினால் உச்சி தட்டையாக இருக்கும், காதுக்குப் பிடிபடாது. ஆகவே தலைகீழாகத் தேட வேண்டும். 65 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, சத்தம் எங்கே மிகக் குறைவாக விழுகிறதோ அந்த இடத்துக்குக் குமிழைக் கொண்டுபோக வேண்டும். பள்ளம் ஊசி போலக் கூராக இருக்கும், தவறவே முடியாது. எனக்கு அது 290 டிகிரியில் கிடைத்தது. அங்கிருந்து 180 கழித்து 110இல் நிறுத்தினேன். பெட்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருக்க எதற்கு 110 என்று கேட்கலாம். உள்ளே இருக்கும் டிஎஸ்பி (ஒலியை எண்களாக மாற்றிச் செப்பனிடும் சில்லு) யோசிக்க எடுத்துக்கொள்ளும் சில மில்லிவிநாடிதான் காரணம். 65 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 15.4 மில்லிவிநாடி. அதில் ஐந்து போனாலே மூன்றில் ஒரு சுற்று போய்விடும். 0, 180 என்று இரண்டே நிலை கொண்ட பெட்டியாக இருந்திருந்தால் நான் பொருந்தாத இரண்டில் ஒன்றோடு சமாதானம் ஆகியிருப்பேன்.

வரைபடத்தில் 41 பக்கம் ஒரு மேடு மிச்சம். ஈக்வலைசரில் அதை மட்டும் 4 டெசிபல் வெட்டினேன். 70க்குக் கீழே ஒரு சின்னப் பள்ளம் இருந்தது, அதைத் தொடவில்லை. பள்ளத்தை நிரப்பப் போனால் கூம்புதான் மூச்சு வாங்கும், பள்ளம் அப்படியே கிடக்கும்.

கெய்ன், அதாவது சப்வூஃபரின் சத்த அளவு, வைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். முதல் வாரம் எல்லாரையும் போல அதிகமாக வைத்துக்கொண்டு மகிழ்ந்தேன். தினம் ஒரு மயிரிழை குறைத்தேன். எனக்கு உரைகல்லாக அமைந்தது மிருதங்கம். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) கை அழுந்தி ‘கும்’ என்று வழுக்கும் அந்தச் சத்தம் வாத்தியத்திலிருந்து வர வேண்டும், அலமாரிப் பக்கத்திலிருந்து வரக்கூடாது. எந்த நிலையில் தொப்பியும் வலந்தலையும் ஒரே ஆளின் இரண்டு கையாகக் கேட்டதோ அங்கே குமிழின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அது முதல் நாள் வைத்த இடத்திலிருந்து வெகுவாகக் கீழே.

பிறகு ஒரு கரகரப்பு. 49 ஹெர்ட்ஸில் மட்டும், வேறு எதிலும் இல்லை. புதுப் பெட்டியிலேயே பழுதா என்று பதறி, பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. டோனை ஓடவிட்டு, அறையில் ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்திக்கொண்டே போனேன். ஜன்னல் கண்ணாடி இல்லை, கதவுத் தாழ்ப்பாள் இல்லை. அலமாரியின் மூன்றாவது தட்டில் சட்டம் போட்ட ஒரு புகைப்படம். அதன் பின்னட்டையைப் பிடித்திருந்த தகட்டுக் கொக்கி ஒன்று தளர்ந்து, 49க்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினேன். அடுத்த நாள் 61.7இல் இன்னொன்று பேசியது, அது மின்விசிறி ரெகுலேட்டரின் மூடி. பேஸ் நன்றாக வர ஆரம்பித்தால் வீட்டில் தளர்ந்து கிடப்பதெல்லாம் ஒவ்வொன்றாக வாய் திறக்கும்.

மாதக் கடைசியில் நண்பன் தன் பெட்டியை எடுத்துப்போக வந்தான். பழைய சோஃபாவின் புது இடத்தில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டேன். பாதியில் எழுந்துபோய் சந்துக்குள் எட்டிப் பார்த்தான், விளக்கு எரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும் தன் கறுப்புப் பெட்டியை ஒரு பக்கம் தூக்கினான், என்ன நினைத்தானோ, கீழே வைத்துவிட்டான்.

“அந்த அளக்குற டேப்பைக் கொஞ்சம் குடுடா” என்றான்.